மாப்பிள்ளைக்கு உள்ளூர் டெக்னீஷியன் எழுதிக்கொள்வது

சேலம்,
ஆனி 9, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மாதேஷ் அவர்களுக்கு, மாமனார் கருப்பண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை சித்ராவும் நலம். அங்கு திருச்செங்கோட்டில் தாங்களும், மகள் தமிழினியும், சம்பந்தி குருமூர்த்தி அவர்களும், சம்பந்தியம்மாவும், புது வீடும், அந்த வீட்டின் மாடி அறையும், மாடி அறையில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் சுகமாயிருக்க மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர் அருள் செய்யட்டும்.

போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்காகத் தபாலில் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். கல்யாணமாகி இந்த நாலு வருடத்தில் போனில் தங்களிடம் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். 'சொல்லுங்க மாப்பிள்ளை', 'செரிங்க மாப்பிள்ளை', 'சாப்புட்டீங்களா மாப்பிள்ளை' என்ற மூன்றைத் தவிர நான்காவதாக ஒரு வாக்கியம் என் வாயில் வந்ததே இல்லை. மாப்பிள்ளையிடம் மாமனார் கோபித்துக்கொள்வதற்கு நம் பக்கத்தில் ஏற்பாடு எதுவும் செய்து வைக்கவில்லை. தவிர, நான் போனை எடுத்தால் உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, என் முகம் மாறினால் முழங்கையில் கிள்ளுகிறாள். ஆகவே கடையில் உட்கார்ந்து, கடை லெட்டர்பேடிலேயே எழுதுகிறேன். விலைப்பட்டியல் எழுதிக் கொடுப்பதற்காக அடித்தது. கேட்க ஆள் வராததால் தாள் நிறைய இருக்கிறது. கடிதம் நீண்டுபோனால் அதுதான் காரணம்.

நேற்று மதியம் தாங்கள் ஸ்பீக்கர் வாங்கிய அந்த இணையக் கடைக்குள் போய்ப் பார்த்தேன். முப்பத்தொரு வருடமாக ஹை-ஃபை ஆடியோ விற்கிறவன், தன் வியாபாரம் எங்கே போகிறது என்று தினம் ஒருமுறை எட்டிப்பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அங்கே தங்கள் பெயரில், ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரு விமர்சனம் இருந்தது. "விலை அருமை. டெலிவரி வேகம். பாஸ் சத்தத்தில் சின்னப் பிரச்சினை இருந்தது, உள்ளூர் டெக்னீஷியன் ஒருவர் வந்து சரிசெய்தார். இனி ஷோரூம் ஷோரூமாக அலையத் தேவையில்லை." இது தங்களுக்குப் பயன்பட்டதா என்று கீழே கேட்டிருக்கிறார்கள். பயன்பட்டது என்று நாற்பத்தேழு பேர் அழுத்தியிருக்கிறார்கள். நான் அழுத்தவில்லை. அந்த உள்ளூர் டெக்னீஷியன் ஒருவர் யார் என்பது நாற்பத்தேழு பேருக்கும் தெரியாது. தங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் நடந்ததையெல்லாம் ஒருமுறை என் பக்கத்திலிருந்து எழுதி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

தை மாதம் புதுமனை புகுவிழா முடிந்த கையோடு, மாடி அறையில் பாட்டு கேட்க நல்லதாக ஒரு செட் வைக்க வேண்டும் என்று தாங்கள்தான் ஆரம்பித்தீர்கள். மகிழ்ச்சியாக இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது, 'மாமா, இப்பவும் இதையெல்லாம் வாங்குறாங்களாங்க?' என்று கேட்ட மாப்பிள்ளை, இப்போது தாமாகவே கேட்கிறாரே என்ற மகிழ்ச்சி. மாசி மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். செர்ரி ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. தங்களுக்காகத் திறந்தேன். ஏசி போட்டு, பாட்டு கேட்கும் அறையைப் பெருக்கி, ஆறு ஜோடி ஸ்பீக்கரை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, தூக்கி இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே பாட்டை முதலிலிருந்து போட்டுக் காட்டினேன். ஒரு ஜோடி முப்பத்தெட்டு கிலோ. உங்கள் அத்தை மதியத்துக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, கேரியரில் கடைக்கே கொண்டு வந்தாள். தமிழினி அந்த அறையிலேயே சோபாவில் தூங்கிப்போனாள். தாங்கள் தூங்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டீர்கள், திறந்து போனில் குறித்தீர்கள், மறுபடி மூடினீர்கள். இப்படிக் கேட்கிற வாடிக்கையாளரைப் பார்த்து எனக்கு ஏழெட்டு வருடமாகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த மருமகன் இப்படி ஒருவர் என்பதில், உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

அறை நீளம் என்ன, அகலம் என்ன, சுவரிலிருந்து ஸ்பீக்கர் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், ஜன்னலுக்குத் திரை போட வேண்டுமா, தரைக்கு விரிப்பு வேண்டுமா, எல்லாம் தாளில் படம் வரைந்து கொடுத்தேன். மூன்றாவது ஞாயிறு சாயங்காலம், ஐந்தாவது ஜோடியைக் கேட்டுவிட்டு, "இதுதானுங் மாமா" என்றீர்கள். "நானும் மொத நாளே நெனச்சேனுங்க, இதுதான் உங்க ரூமுக்கு ஆவும்னு" என்றேன். தாங்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து, அதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்தீர்கள். ஏதோ ஞாபகத்துக்கு எடுக்கிறார் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருட அனுபவம் இருந்தும் அப்படி நினைத்தேன். "யோசிச்சுச் சொல்றேனுங் மாமா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினீர்கள். அன்று கைகாட்டி அனுப்பிவிட்டு உள்ளே வந்தவன், சென்னை ஏஜென்டுக்குப் போன் போட்டு, அதே மாடலில் வால்நட் நிறத்தில் புது ஜோடி ஒன்றை அனுப்பச் சொன்னேன். சித்திரை ஒன்றாம் தேதி சீர்த்தட்டோடு கொண்டுவந்து, தங்கள் மாடி அறையில் நானே வைத்துவிட்டு வருவதாகத் திட்டம். உங்கள் அத்தைக்கு மட்டும் சொன்னேன். பெட்டி வந்ததும் அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவில் 'தமிழினி, திருச்செங்கோடு' என்று எழுதினேன்.

பங்குனி இரண்டாம் வாரம் 'குலசாமி துணை' வாட்ஸ்அப் குரூப்பில் தாங்கள் படம் போட்டீர்கள். இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், கிழித்த அட்டைப்பெட்டி, அதன் நடுவில் என் மகள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். 'நம்ம வீட்டுக்குப் புது வரவு' என்று எழுதியிருந்தீர்கள். அதே மாடல். அதே வால்நட் நிறம். குரூப்பில் இருக்கிற அறுபத்து மூன்று பேரும், 'மாமனார் கடையில வாங்கினதா' என்று கேட்டார்கள். தாங்கள் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சொல்லாததால் ஊருக்கே பதில் தெரிந்துவிட்டது. பிறகு என் சகலை ஆண்டி, பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறாரே, அவர், 'என்ன வெலைங்க மாப்பிள்ளை' என்று கேட்டார். விலையைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். தாங்கள் லிங்க் அனுப்பினீர்கள்.

அன்று சாயங்காலம் தமிழினி போன் செய்தாள். "அப்பா, உங்ககிட்ட வாங்குனா நீங்க காசே வாங்க மாட்டீங்கன்னுதான் அவரு அப்படிப் பண்ணுனாருங். மாமனார்கிட்ட ஓசியில வாங்குனான்னு அவுங்க சொந்தத்துல பேசுவாங்கன்னு அவருக்குக் கூச்சம். தப்பா நெனைக்காதீங்கப்பா" என்றாள். "செரி சாமி, நான் ஒண்ணும் நெனைக்கல" என்றேன். தங்கள் கூச்சம் நியாயமானது, மாப்பிள்ளை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட்கும்போது அந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது என்றுதான் தெரியவில்லை. ஸ்பீக்கரை ஓசியில் வாங்கினால்தான் ஓசி, காதை ஓசியில் வாங்கினால் ஓசியில்லை என்று ஏதாவது கணக்கு இருக்கிறதோ என்னவோ. தாங்கள் படித்தவர், தங்களுக்குத் தெரியும்.

பதினைந்து நாள் கழித்து சகலை ஆண்டி, பஸ்ஸில் ஒரு நீளமான பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சேலம் வந்து இறங்கினார். டிவிக்குக் கீழே வைக்கிற சவுண்ட்பார். "ஏனுங் சகலை, இதுல பாட்டு கேக்குது, பேச்சு கேக்க மாட்டீங்குது. கொஞ்சம் என்னன்னு பாருங்" என்றார்.

"எங்க வாங்குனீங்க?"

"நம்ம மாதேஷ் மாப்பிள்ளை அனுப்புனாருல்லங்க லிங்க்கு, அதுலதான். உங்க கடையில வாங்குனாப்புலதானுங்களே. எல்லாம் ஒரே குடும்பந்தான."

பிரித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு செட்டிங் மாறியிருந்தது, ஒரு பொத்தான்தான். சரியாகிவிட்டது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். போகும்போது ஒரு கவுளி வெற்றிலை வைத்துவிட்டுப் போனார். நான் வெற்றிலை போடுவதில்லை என்பது அவருக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும்.

சித்திரையில் தங்கள் ஸ்பீக்கர் தகராறு வெளியே வந்தது. எனக்குத் தாங்கள் சொல்லவில்லை, தமிழினி அவள் அம்மாவிடம் சொல்லி, அவள் அம்மா என்னிடம் சொன்னாள். பாட்டு கேட்கிறது, பாடகர் குரல் கேட்கிறது, ஆனால் தவில் தகர டப்பா மாதிரி இருக்கிறது, பாஸ் என்கிற அடிச்சத்தமே இல்லை. தாங்கள் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவர். மைக் வைத்து அளந்தீர்கள், கிராஃப் போட்டீர்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகப் பார்த்தால் சரி, இரண்டையும் சேர்த்தால் இல்லை. யூடியூபில் தாடி வைத்த ஒருவர் அறையின் மூலையில் நுரை ஒட்டச் சொன்னாராம். ஒட்டினீர்கள். பிறகு அந்த ஜோடியைத் திருப்பி அனுப்பி வேறு ஜோடி வரவழைத்தீர்கள். அதிலும் இல்லை. பிறகு ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி அனுப்பினீர்கள். அது வந்து சேருவதற்குள் வைகாசி பிறந்துவிட்டது. கடைசியில் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையோடு ஒரு மணி நேரம் போனில் எழுதி எழுதிப் பேசி, அவர்கள் முடிவாக ஒரு பதில் அனுப்பினார்களாம். தங்கள் பகுதியில் உள்ள அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரை அணுகவும், தமிழினி ஆடியோஸ், செர்ரி ரோடு, சேலம். கூடவே என் போன் நம்பர்.

மாப்பிள்ளை, அந்தச் செய்தியைத் தாங்கள் படித்தபோது தங்கள் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க நான் அங்கே இல்லை. இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்துக்கொண்டேன்.

தாங்கள் கூப்பிட்டீர்கள். "மாமா, ஒரு சின்ன டவுட்டுங்க" என்றீர்கள். "செரிங்க மாப்பிள்ளை, வாரேனுங்க" என்றேன். இரண்டு மாதம் மனதுக்குள் எழுதி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. மறுநாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டு, புது பஸ் ஸ்டாண்டில் சங்ககிரி வழியாகப் போகிற வண்டியைப் பிடித்தேன். வைகாசி வெயில். டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்திலிருந்தவர், "பிளம்பருங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

தங்கள் வீட்டில் சம்பந்தி, வாசல் வராந்தாவில் இன்னும் இரண்டு போர்வெல் ரிக் லாரி முதலாளிகளோடு உட்கார்ந்திருந்தார். "வாங்க சம்பந்தி, பையோட வந்துட்டீங்களாட்டிருக்குது" என்றார்.

"பொண்ணைப் பாத்துட்டு, அப்படியே அதையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னுங்க."

"பாருங்க பாருங்க. எங்க ரிக்கு வண்டிக்கு ஹேமரு, பிட்டு எல்லாமே இப்பப் போன்லயே போட்டுடறோமுங்க. ராஜஸ்தான்ல நிக்கிற வண்டிக்கு நேரா அங்கயே போயிருது. நடுவுல கடைன்னு ஒண்ணு எதுக்குன்னே தெரியலீங்க." கொஞ்சம் நிறுத்தி, "உங்களைச் சொல்லலீங்க சம்பந்தி, பொதுவாச் சொன்னேன்" என்றார். மற்ற இரண்டு பேரும், ஆமாங்க, பொதுவாத்தான் என்றார்கள்.

எனக்கு ஒரு பதில் தோன்றியது. ஆயிரம் அடி போர் போடுவதற்கு முன்னால், நீரோட்டம் பார்க்கக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் காட்டில் நடந்து நடந்து, இங்கே போடு என்று காலால் கோடு கிழிக்கிறாரே, அவரிடம் ரிக்கும் இல்லை, பிட்டும் இல்லை, அவரை மட்டும் எதற்குக் கார் வைத்துக் கூட்டி வருகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். பெண்ணைக் கொடுத்த வீடு. "அதுவும் செரிதானுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

மேலே தாங்கள் ஒரு பாட்டைப் போட்டீர்கள். நாலு வரி கேட்டேன். அதற்கு மேல் கேட்கத் தேவையிருக்கவில்லை. தமிழினியிடம் டிவி ரிமோட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த ஒரு பேட்டரியைக் கழற்றி, சுவருக்குள்ளிருந்து வருகிற ஒயரை ஆம்ப்ளிஃபயர் பக்கம் உருவி, சிவப்பைப் பேட்டரியின் மேல் முனையிலும் கறுப்பைக் கீழ் முனையிலும் தொட்டேன். இடது ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் துருத்தியது. வலது ஸ்பீக்கருக்கும் அப்படியே தொட்டேன். அது பின்னால் போனது. வீடு கட்டும்போது சுவருக்குள் ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன், வலது பக்கம் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் உள்ளேயே மாற்றிச் சேர்த்துவிட்டிருக்கிறார். வெளியே பார்த்தால் நிறம் சரியாக இருக்கும். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால், ஒன்றின் அடிச்சத்தத்தை இன்னொன்று தின்றுவிடும். எத்தனை ஜோடி மாற்றினாலும் தின்னும். மூலையில் எத்தனை நுரை ஒட்டினாலும் தின்னும். வலது பக்கத்தில் இரண்டு ஒயரையும் இடம் மாற்றித் திருகினேன். அதே பாட்டைப் போட்டீர்கள். தவில் அறைக்குள் வந்து உட்கார்ந்தது.

அதற்குள் சம்பந்தியும் அந்த இரண்டு பேரும் மாடிக்கு வந்து நின்றிருந்தார்கள். "அவ்வளவுதானுங்களா?" என்றார் சம்பந்தி.

"அவ்வளவுதானுங்க."

"ரிமோட்டுப் பேட்டரி. இதை நம்ம தமிழினியே பண்ணியிருக்கலாமாட்டிருக்குது."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு பார்சல் போய் இரண்டு பார்சல் வந்து, இரண்டு மாதமாக யாருக்கும் பிடிபடாதது பிடிபட்டதற்கு, அது பிடிபட்ட விதம் மிகவும் சுலபமாக இருந்துவிட்டது என்பதுதான் என் குற்றம். அரை நாள் எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டு, வியர்க்க விறுவிறுக்க ஏதாவது செய்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். பழைய கடைக்காரனாக இருந்தும் அது தோன்றவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு தாங்கள் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டீர்கள். பிறகு, "மாமா, இப்பத்தானுங்க உங்க கடையில கேட்டாப்புலயே இருக்குது" என்றீர்கள். முப்பத்தொரு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அது. ஊர் திரும்புகிற வரைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். சங்ககிரி தாண்டியபோது, கடையில் கேட்ட மாதிரியே என்றால், கடையில் கேட்டது அவருக்கு அந்த அளவு ஞாபகம் இருந்திருக்கிறது, இருந்தும் வேறு இடத்தில் வாங்கியிருக்கிறார் என்று இன்னொரு பக்கமும் புரிந்தது. அதற்குமேல் வெயில் தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மாமா ஒன்றும் யோக்கியரில்லை என்று தாங்கள் நினைத்தால் அதுவும் சரி. ஆறு வருடம் முன்பு நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற ஒருவருக்கு, விரல் தடிமனில் ஒரு ஸ்பீக்கர் ஒயரை விற்றேன். முனையில் தங்க முலாம். அதன் விலையில் ஒரு மொபெட் வாங்கியிருக்கலாம். வித்தியாசம் தெரியவில்லையே என்று அவர் ஒரு வாரம் கழித்து வந்தபோது, "ஒயரு பழகோணுமுங்க. ஒரு மாசம் ஓடட்டும்" என்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் வந்து, இப்போது நன்றாக வித்தியாசம் தெரிகிறது என்றார். ஒயர் பழகவில்லை, மாப்பிள்ளை. அவர் பழகிவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று தாங்கள் அதே ரக ஒயரை என் கடையில் பார்த்துவிட்டு, பிறகு எங்கள் வீட்டில் உட்கார்ந்து, இதற்கும் எலக்ட்ரிக்கல் கடையில் விற்கிற சாதாரண ஒயருக்கும் அளந்தால் ஒன்றுதானே என்று கேட்டீர்கள். உங்கள் அத்தை அவசரமாகப் பஜ்ஜித் தட்டை நீட்டினாள். நானும் ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்துக்கொண்டேன். தாங்கள் சொன்னது சரி. எங்கள் ஆட்கள் இப்படிப் பல ஒயரை விற்றோம். அதனால்தான் ஜனங்கள் எங்களை நம்பாமல், முகம் தெரியாத நாற்பத்தேழு பேரை நம்புகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கோழிப்பண்ணைக்காரர் மகன் இப்போது கடைக்கு வந்து, கேட்டுவிட்டு, ஸ்டிக்கரைப் படம் எடுத்துவிட்டுப் போகிறான். அவனுக்கும் ஏசி போட்டுத்தான் காட்டுகிறேன்.

ஸ்டிக்கர் எடுக்கிறவர்கள் அதிகமானதால் போன வருடமே ஒரு போர்டு வைத்தேன். கேட்டுப் பார்க்கக் கட்டணம் முந்நூறு ரூபாய், பொருள் வாங்கினால் கழித்துக்கொள்ளப்படும் என்று. ஒரு மாதம் யாரும் வரவில்லை. பிறகு அக்னி நட்சத்திரத்தில் ஒரு பெரியவர் வந்து, பேசாமல் முந்நூறைக் கொடுத்துவிட்டு, ஏசி அறையில் போய்ச் சோபாவில் சாய்ந்தார். பாட்டுப் போடட்டுங்களா என்றேன். "வேண்டாமுங்க, சத்தமில்லாம இருந்தாப் போதும்" என்றார். மூன்று மணி நேரம் தூங்கினார். எழுந்து, இடம் நன்றாக இருக்கிறது, நாளைக்கும் வருகிறேன் என்றார். அன்றே போர்டை எடுத்துவிட்டேன்.

விற்பனையாளர் இனித் தேவையா என்று தங்கள் விமர்சனத்துக்குக் கீழே யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். தாங்கள் பதில் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். பொருள் வாங்குவதற்கு அவன் தேவையில்லை. வாங்குவதற்கு முன்னால் தேவை, வாங்கிய பிறகு தேவை. அந்த முன்னாலுக்கும் பின்னாலுக்கும் பணம் கொடுக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை, நடுவில் வாங்குகிறபோதுதான் பணம் கைமாறும், அந்த நடுவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இணையக் கடையில் எல்லாம் கிடைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து, இது உங்களுக்கு வேண்டாமுங்க, சின்னதே போதும் என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. நான் அப்படியும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒயர் கதையைச் சொன்னவன் இதையும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். ஆடி முடிந்ததும் கடையை மூடுகிறேன். இடத்தைப் பிரியாணிக் கடைக்குக் கேட்கிறார்கள். கேட்கும் அறையில் அவர்கள் அரிசி மூட்டை அடுக்கப் போகிறார்களாம், சத்தம் வெளியே போகாத அறை என்பதால் எலி வராது என்று நம்புகிறார்கள். நான் திருத்தவில்லை. 'தமிழினி, திருச்செங்கோடு' என்று எழுதிய அந்தப் பெட்டி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. அதை யாருக்கும் விற்கப்போவதில்லை, தங்களுக்கும் கொடுக்கப்போவதில்லை. தங்களிடம் ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கிறது, அது நன்றாகவே பாடுகிறது, அதற்கு நானே சாட்சி.

தங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, அந்த விமர்சனத்தைத் திருத்துங்கள். நட்சத்திரத்தைக் குறைக்க வேண்டாம். உள்ளூர் டெக்னீஷியன் என்பதை எடுத்துவிட்டு, என் மாமனார் என்று போடுங்கள். அதற்குக் கூச்சமாக இருந்தால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள். இரண்டு, இனிமேல் நம் சொந்தத்தில் யாரும் இணையத்தில் வாங்கிய பொருளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர வேண்டாம் என்று குரூப்பில் தாங்களே ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். நான் போட்டால் மரியாதையாக இருக்காது. காதோடு சம்பந்தப்பட்ட எதையும் நேரில் கேட்டு, கேட்ட இடத்திலேயே வாங்குகிறவன்தான் மனிதன் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் நான் ஒருவனாவது கடைசிவரை இருப்பேன்.

எழுதியதில் ஏதும் மனம் வருந்தும்படி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வருந்தும்படி எதுவும் இல்லையென்றால் இன்னொருமுறை படியுங்கள். ஆடிக்கு அழைக்க உங்கள் அத்தை முறைப்படி வருவாள், நானும் வருவேன், பையில்லாமல் வருவேன். தமிழினியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சம்பந்திக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் வணக்கம். தாங்கள் இருவரும் பதினாறும் பெற்று நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும் மாமன்,
கருப்பண்ணன்.

பி.கு.: வரும் சனிக்கிழமை தங்கள் வீட்டு முகவரிக்கு, என் பெயர் போட்டுக் கையகலத்தில் ஒரு பார்சல் வரும். யாருடையதோ என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். எனக்கு வலது காதில் ஒரு வருடமாக மேல் ஸ்தாயி எதுவும் கேட்பதில்லை. டாக்டர் காது மிஷின் வைக்கச் சொல்லிவிட்டார். பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் அறிவுச்செல்வி என்ற அம்மா மிஷின் கடை வைத்திருக்கிறார். மூன்று நாள் என்னை உட்கார வைத்து, ஐந்து மிஷினை ஒவ்வொன்றாகக் காதில் பொருத்தி, தெருவில் நடக்கவிட்டு, திரும்பக் கூப்பிட்டு, திருகித் திருகிச் சரிசெய்து, காப்பியும் வாங்கிக் கொடுத்தார். நான்காவது மிஷினில், மரத்தில் அணில் கத்தியது கேட்டது. ஒரு வருடமாக அணில்களெல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டன என்று நினைத்திருந்தேன். ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேனுங்க என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, மிஷினின் பெயரை மனதில் வாங்கிக்கொண்டு வந்து, தாங்கள் ஸ்பீக்கர் வாங்கிய அதே இடத்தில் போட்டுவிட்டேன். விலை ஏறக்குறையப் பாதி. சேலம் முகவரி கொடுத்தால், பார்சல்காரர் தெருவில் நின்று இது காது மிஷினுங்களா என்று கேட்பார், செர்ரி ரோட்டில் ஒரு ஆடியோ கடைக்காரனுக்கு அது நல்லதில்லை. ஏழு நாளைக்குள்தான் திருப்ப முடியுமாம், அதனால் உடனே பிரித்து, எப்படி மாட்டுவது என்று அந்த யூடியூப் தாடிக்காரரிடம் பார்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வாரேன். மாட்டியும் சரியாகக் கேட்கவில்லையென்றால், அறிவுச்செல்வி அம்மாவிடமே கொண்டுபோய்க் கொஞ்சம் திருகிக் கொடுக்கச் சொல்லலாமா, சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்று தாங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.